வருகைப் பதிவேட்டில் பதினொரு நாள்

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியரைத் தேடி வருவோர் பெரும்பாலும் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்வார்கள். அல்லது ஒரு மலருக்கு வாழ்த்துரை கேட்பார்கள். சென்ற மாதம் பஃப்ளோ சாலைக் கடையொன்றில் என்னோடு தேநீர் அருந்திய இளம் ஆசிரியர் மூவர் இரண்டையும் கேட்கவில்லை. அவர்களுடைய பள்ளியில் இப்போதும் சில நாள்களில் மாணவர்கள் வீட்டிலிருந்தே பாடம் படிக்கிறார்கள். அதைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர்களுக்குள் வழக்கு.

"ஐயா, ஒரே வரியில சொல்லுங்க. கோவிட் நேரத்துல ஆன்லைன் பாடம் பிள்ளைங்களுக்கு நல்லது பண்ணுச்சா, கெடுதல் பண்ணுச்சா?" என்று கேட்டார் ஒருவர்.

"ஐயாகிட்டப் போயி ஒரே வரியா? அவரோட ஒரு வாக்கியமே அரைப் பக்கம் ஓடும் லா," என்றார் என் பழைய மாணவரான இன்னொருவர்.

குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டேன். இதே வினாவைக் கட்டுரைத் தலைப்பாக நானே எத்தனையோ வகுப்புகளுக்குக் கொடுத்திருக்கிறேன். நன்மைக்கு மூன்று பத்தி, தீமைக்கு மூன்று பத்தி, முடிவுரையில் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் என்று எழுதிக் கொடுக்கும் மாணவருக்கு நல்ல மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். எனக்கு அப்படி எழுத வரவில்லை. எனக்குத் தெரிந்தது நடந்த ஒன்று மட்டுமே. அதில் தவறு என்னுடையது, நன்றி பிறர்க்குரியது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பகலில் ஆசிரியர் பயிற்சி; மாலையில் ஒரு புலவரிடம் இலக்கணம். அந்தப் புலவர் ஒற்றுப்பிழை கண்டால் ஏட்டைத் திருப்பிக் கொடுப்பார். பிழை எங்கே என்று சொல்லமாட்டார். நாமே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டும். அவரிடமிருந்து எனக்கு வந்தவை நல்ல உரைநடையும் சிறிது பிடிவாதமும். முப்பத்தைந்து ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளிகளில் அவ்விரண்டையும் வைத்துக்கொண்டே பாடம் நடத்தினேன்.

என் வகுப்பில் மூன்று விதிகள் இருந்தன. வருகைப் பதிவின்போது பெயர் அழைக்கப்பட்டவர் "உள்ளேன் ஐயா" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும்; கையை உயர்த்துவது போதாது. தமிழ் வகுப்பில் ஆங்கிலத்தில் பேசவோ எழுதவோ கூடாது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதக் கூடாது; எழுதினால் நான் படிக்கமாட்டேன். மூன்றாம் விதிக்கு என்னிடம் காரணம் இருந்தது. வலி, வழி, வளி மூன்றும் ஆங்கில எழுத்தில் ஒரே உருவில் வந்து நிற்கும். மாணவர் நினைத்தது எது என்பதை ஆசிரியர் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகிப்பது என் வேலையன்று என்பேன். இம்மூன்று விதிகளும் தனித்தனியே நல்லவை என்றே இன்றும் கருதுகிறேன். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பிள்ளையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கிருமிப் பரவலால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஓய்வுக்கு எனக்கு இரண்டே ஆண்டுகள் இருந்தன. ஒரு வார இறுதிக்குள் கணினி வழியே பாடம் நடத்தக் கற்றுக்கொண்டோம். திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு என் உயர்நிலை மூன்று வகுப்பு திரையில் சிறு சிறு கட்டங்களாக வந்து நின்றது. முதல் சில நாள்கள் சிரிப்புக்குக் குறைவில்லை. ஒரு மாணவனின் தாயார், ஒலிவாங்கி திறந்திருப்பது தெரியாமல், "டேய், சட்டையப் போடுடா, சார் பாக்குறாரு," என்றார். இன்னொருவனைப் பெயர் சொல்லி அழைத்தேன்; துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் பாடத்தில் நுழைந்துவிட்டு வேறு திரையில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.

திரையில் பெயர் இருப்பது ஆள் இருப்பதற்குச் சான்றாகாது என்று அன்றே முடிவு செய்தேன். குரல் வந்தால்தான் வருகை. இரண்டு முறை அழைப்பேன், ஐந்து எண்ணுவேன், குரல் வரவில்லையென்றால் "வரவில்லை" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் குறிப்பேன். திரையின் ஓரத்தில் மாணவர்கள் எழுத்தால் பேசிக்கொள்ள ஓர் உரைப்பெட்டி இருந்தது. முதல் நாளே அதில் ஆங்கில எழுத்துத் தமிழில் அரட்டை வழியத் தொடங்கியது. அதை மூடிவைத்துவிட்டேன். மூடினேன் என்றால், என் பார்வையிலிருந்து மட்டும். மாணவர்களுக்கு அது திறந்தே இருந்தது.

அந்த வகுப்பில் நஸ்ரீன் என்றொரு மாணவி. பள்ளியில் நேரில் வந்தபோது அதிகம் பேசாதவள். ஆனால் எழுத்து தெளிவாயிருக்கும். இணைய வகுப்பில் அவள் பெயர் நாள்தோறும் திரையில் தோன்றும். கட்டம் கறுப்பாகவே இருக்கும். அழைத்தால் குரல் வராது. "வரவில்லை" என்று குறித்தேன். அவளுடைய வீட்டுப்பாடமோ தவறாமல் வந்தது. கையால் எழுதி, படம் பிடித்து அனுப்புவாள். அதில் பிழை குறைவாயிருந்ததே எனக்கு ஐயத்தைத் தந்தது. பாடத்துக்கு வராத பிள்ளை இவ்வளவு நன்றாக எழுத முடியாது. பள்ளிக்கு வெளியே கற்பிக்கும் துணைப்பாட ஆசிரியர் எவரோ எழுதிக் கொடுக்கிறார் என்று எண்ணினேன். பெற்றோர்க்கான செயலி வழியே இரண்டு அறிவிப்புகள் அனுப்பினேன். மறுமொழி இல்லை.

அந்த மாதத்தில்தான் எளிய பாடத்திட்டமான தமிழ் 'பி'-க்கு யார் யாரை மாற்றுவது என்ற பட்டியலைத் தர வேண்டியிருந்தது. அத்திட்டத்தில் எழுத்து வேலை குறைவு. திணறும் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும். நன்றாக எழுதுகிற பிள்ளைக்கோ அது இழப்பு. ஒருமுறை மாற்றிவிட்டால் திரும்பி வருவது அரிது. நான் நான்கு பெயர்களை எழுதினேன். வருகைக் குறைவு என்று காரணம் காட்டினேன். நான்காம் பெயர் நஸ்ரீன்.

இவ்விடத்தில் எங்கள் துறைத்தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிக்கு ரோஹானா மலாய் ஆசிரியர். சிக்கு என்பது ஆசிரியரை அழைக்கும் மலாய்ச் சொல். சீனம், மலாய், தமிழ் மூன்றுக்கும் அவரே துறைத்தலைவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர் என் பாடத்தை மதிப்பிடுவதா என்று முதலில் எனக்கு உள்ளூர ஒரு முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அவர் பாடம் பார்க்கும் விதமே தனி. படிவத்தை நிரப்பமாட்டார். சிறிய குறிப்பேட்டை நடுவில் கோடிட்டு இரண்டாக்குவார். இடப்பக்கம் ஆசிரியர் செய்தவை, வலப்பக்கம் மாணவர் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே மணியும் நிமிடமும். பாடம் முடிந்தபின் குறை சொல்லமாட்டார். "சும்மா கேட்கிறேன்" என்று தொடங்கி ஒரு கேள்வி கேட்பார். கேட்டபின் உதட்டை மூடிக்கொண்டு காத்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் அந்த இடைவெளியைத் தாமே நிரப்பமாட்டார். அவர் முன்னிலையில் பொய் சொல்வது கடினம். அரைகுறையாகச் சொல்வது அதைவிடக் கடினம்.

அவர் என் இணைய வகுப்பைப் பார்க்க வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று பாடம் நன்றாகவே நடந்தது. மாணவர்கள் வெளியேறியபின் நாங்கள் இருவர் மட்டும் திரையில் எஞ்சினோம். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்; இங்கே தமிழில் தருகிறேன்.

"சார், பாடம் நல்லா இருந்தது. சும்மா கேட்கிறேன், 'உள்ளேன் ஐயா' என்றால் என்ன?"

அவர் வாயில் ளகரம் லகரமாயிற்று. திருத்தவில்லை. "வருகைப் பதிவின்போது சொல்வது. இருக்கிறேன் என்று பொருள்."

"அப்படியென்றால் நஸ்ரீன் இருக்கிறாள்."

"இல்லை. அவள் வருவதில்லை."

அவர் தம் குறிப்பேட்டைப் பார்த்தார். "பத்து மணி இரண்டு நிமிடம். நீங்கள் அவள் பெயரைச் சொன்னீர்கள். அவள் அதை எழுதினாள். இரண்டாவது முறை கூப்பிட்டீர்கள். மறுபடியும் எழுதினாள். பிறகு நீங்கள் ஏதோ சொன்னீர்கள்."

"எங்கே எழுதினாள்?"

"உரைப்பெட்டியில். நான் தேடிப் பார்க்கவில்லை, சார். உங்கள் பாடத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்."

சொல்லிவிட்டு வழக்கம்போல் காத்திருந்தார். நான் உரைப்பெட்டியைத் திறந்தேன். முந்தைய நாள்களின் செய்திகளும் அதில் அழியாமல் இருந்தன. ஆங்கில எழுத்துத் தமிழை நான் பழகாதவன். புதிதாக எழுத்துக் கூட்டும் பிள்ளையைப்போல் ஒவ்வொன்றாய்க் கூட்டிப் படித்தேன். பதினொரு நாளும் அவள் "உள்ளேன் ஐயா" என்று எழுதியிருந்தாள். நான் கேட்ட வினாக்களுக்கெல்லாம் விடையும் எழுதியிருந்தாள். "செய்து முடித்தார்கள்" என்ற பயனிலைக்கு எழுவாய் எது என்று ஒருநாள் கேட்டு, எவரும் சொல்லாததால் நானே விடை சொன்னது நினைவிருந்தது. அவள் எனக்கு முன்பே எழுதியிருந்தாள். இரண்டாம் நாள் செய்தி மட்டும் சற்று நீளம். "ஐயா, என்னால் பேச முடியாது. மன்னித்துவிடுங்கள். கணினியில் தமிழ் எழுத்து இல்லை."

வீட்டுப்பாடங்களையும் எடுத்துப் பார்த்தேன். நான் வகுப்பில் வேறொரு மாணவனுக்குச் சொன்ன திருத்தம் மறுநாள் அவள் கட்டுரையில் ஒழுங்காக அமைந்திருந்தது. துணைப்பாட ஆசிரியர் என் வகுப்பில் அமர்ந்திருக்க முடியாது. எழுத்தைப் பார்த்தே இதை அறிந்திருக்க வேண்டியவன் நான்.

"பட்டியல் முதல்வரிடம் போய்விட்டது, சார். கடிதங்கள் திங்கள்கிழமை போகும்," என்றார் சிக்கு ரோஹானா. குரலில் கண்டிப்பு இல்லை. நாள் குறைவு என்பதை மட்டும் சொன்னார்.

செயலியில் இருந்தது தந்தையின் எண். அலுவலகத்தில் கேட்டுத் தாயாரின் எண்ணை வாங்கினேன். இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு அவரே அழைத்தார். மருத்துவமனையில் தாதி, அந்த மாதங்களில் முழுக்க இரவுப்பணி.

"சொல்லுங்க சார். தூங்கிட்டேன், போன் சத்தமே கேக்கல. புள்ள ஏதாச்சும் பண்ணிட்டாளா?"

அவள் ஒன்றும் செய்யவில்லை என்றேன். வகுப்பில் ஏன் பேசுவதில்லை என்று மட்டும் கேட்டேன்.

"எங்க சார் பேசுறது? கிளமெண்டியில ரெண்டு ரூம் வீடு. ஹால்ல சின்னவனுங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு டீச்சரோட கத்திக்கிட்டு இருக்கானுங்க. இருக்கிறது ஒரே பெட்ரூம். நான் ஒம்பது மணிக்கு வந்து விழுந்தா மூணு வரைக்கும் எழும்ப மாட்டேன். என் கால்மாட்டுல உக்காந்துதான் படிக்கிறா. நான் தலையில துணிகூட இல்லாமக் கெடப்பேன். அவ எப்படி கேமராவ தொறப்பா? வாய தொறந்தா நான் முழிச்சிருவேன்னு இவளுக்குப் பயம். அவங்க வாப்பா கப்பல்ல. இறங்க விடாம நடுக்கடல்ல நிக்குது. மெசேஜ் எல்லாம் அவர் போனுக்குத்தான் போவும், அவருக்கு லைனே கெடைக்கிறதில்ல."

தந்தையின் கைப்பேசி நடுக்கடலில் இருந்தது. என் அறிவிப்புகள் இரண்டும் அங்கேதான் போயிருந்தன.

பிறகு நஸ்ரீன் பேசினாள். இணைய வகுப்பு தொடங்கியபின் நான் கேட்ட அவளுடைய முதல் குரல் அது.

"நீங்க 'வரவில்லை'ன்னு சொல்றது கேக்கும் ஐயா."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஆங்கிலத்திலாவது ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"இங்கிலீஷ்ல எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதுனா படிக்க மாட்டேன்னும் சொல்லியிருக்கீங்க. ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்புல தமிழ் கீபோர்டு இல்ல, போடவும் விடாது. ரெண்டுல எது சின்னத் தப்புன்னு யோசிச்சேன். இது தமிழாச்சும் இருக்கேன்னு எழுதுனேன். நீங்க படிக்கலன்னதும் ரூல மீறுனது நான்தானேன்னு இருந்துட்டேன்."

பிறகு கேட்டாள்: "ஐயா, என்னை 'பி'-க்கு மாத்துறீங்களா? அதுல கட்டுரை இல்லையாமே. நான் வாப்பாவுக்குத் தமிழ்லதான் எழுதி வைக்கிறேன். லைன் வந்தா எல்லாத்தையும் ஒன்னா அனுப்புவேன்."

இல்லை என்று அப்போதே சொல்லிவிட ஆசைதான். சொல்லும் அதிகாரம் என் கையில் இல்லை. முயல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சிறப்பு ஒப்புதல் பெற்றுப் பள்ளிக்குச் சென்றேன். அலுவலக அறையில் சிக்கு ரோஹானாவும் நானும் இரண்டு மேசை இடைவெளியில் முகக்கவசத்தோடு அமர்ந்தோம். முதலில் பதிவேட்டைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு நாளையும் தனித்தனியே திறந்து, "வரவில்லை" என்பதை "வந்தார்" என மாற்றி, காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தாமத வருகை, மருத்துவச் சான்று, தொழில்நுட்பக் கோளாறு என்று பல காரணங்கள் அதில் இருந்தன. ஆசிரியரின் பிழை என்று ஒன்று இல்லை.

"தொழில்நுட்பக் கோளாறு என்று போடுங்கள், சார். எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் லா," என்றார்.

தொழில்நுட்பம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அவள் எழுதியதைக் கொண்டுவந்து என் கண்முன் வைத்திருந்தது. "பிற" என்பதைத் தேர்ந்தெடுத்து, அருகிலிருந்த குறிப்புக் கட்டத்தில் "ஆசிரியர் கவனிக்கவில்லை" என்று எழுதினேன். பதினொரு முறையும் நகலெடுத்து ஒட்டாமல் தட்டச்சுச் செய்தேன்.

"என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பொருள் சொன்னேன். "ஆங்கிலத்திலும் போடுங்கள். இல்லையென்றால் யாருக்கும் புரியாது," என்றார். அது நியாயம். ஆங்கிலத்திலும் எழுதினேன்.

முதல்வர் கணினி வழியே எங்களோடு பேசினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு வினா எழுப்பினார். வருகையைத் திருத்திவிட்டீர்கள், சரி. ஆனால் இத்தனை நாள் வாயே திறக்காத மாணவி வாய்மொழித் தேர்வில் என்ன செய்வாள்? இரக்கத்தால் அவளை இங்கே வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு தோற்கவிடுவது நன்மையா? திங்கள் காலைக்குள் அவள் வாய்விட்டு வாசித்த பதிவு ஒன்று வேண்டும். கேட்டுவிட்டுத் தமிழாசிரியரான நீங்களே சொல்லுங்கள் என்றார். கடுமையான வினாதான், ஆனால் முறையான வினா. அன்றைக்கு எவரும் இடக்காக நடந்துகொள்ளவில்லை என்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

அந்தச் சனியும் ஞாயிறும் நஸ்ரீனின் தாயார் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்தார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மகள்தான் சொன்னாள். தம்பிகளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்ப அப்போது அனுமதி இல்லை. அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து, படுக்கையறையை மகளுக்கு விட்டுக்கொடுத்தார். தொலைபேசியில் நான் கேட்க அவள் வாசித்தாள். முதல் நாள் குரல் பாதியில் தேய்ந்தது. கால்மாட்டில் அமர்ந்து பழகிய குரல் அவ்வளவு எளிதில் எழவில்லை. இடையே கதவருகிலிருந்து தாயார் சொல்வது கேட்டது: "நான்தான் முழிச்சிருக்கேன்லம்மா. சத்தமாப் படி. இன்னும் யார எழுப்பிருவன்னு பயம்?"

என் இளம் நண்பர்கள் கேட்ட வினாவுக்கு என்னிடம் விடை ஏதேனும் இருக்குமானால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. வகுப்பறையில் எல்லார்க்கும் ஒரே அளவு மேசை. இணையவழியில் அவரவர் வீடே மேசையாகிவிட்டது. வீடு இடம் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினர். திக்குவாய் காரணமாக வகுப்பில் ஒதுங்கியிருந்த ஒருவன் தன் வாசிப்பைத் தனியே பதிவுசெய்து அனுப்பி, முதன்முறையாக முழுப்பத்தியையும் எனக்குக் கேட்கத் தந்தான். அதை நான் நேரில் ஒருபோதும் பெற்றிருக்கமாட்டேன். வீடு இடம் கொடுக்காத பிள்ளைகள் பின்தங்கினர். பின்தங்கியது நமக்குத் தெரியவும் இல்லை. ஆகவே நான் நன்மை, தீமை என்று பிரிக்கமாட்டேன். பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கிறது என்று பாடத்துக்கு முன்பே கேளுங்கள் என்பேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் நான் கேட்காத கேள்வி அது. வகுப்பறை இருந்தவரை கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்குப் பதிவு வந்தது. மழைநீரைச் சேமிப்பது பற்றிய ஒரு பக்கப் பாடம். சிக்கு ரோஹானா திரையின் மறுமுனையில் இருந்தார். இருவரும் இறுதிவரை கேட்டோம். பின்னணியில் தம்பிகளின் சண்டையும் ஒரு குழாயின் ஓசையும் இருந்தன. குரல் எங்கும் தேயவில்லை.

"எப்படி?" என்றார்.

"இரண்டு இடங்களில் ளகரம் வழுவியது. ஒரு நிறுத்தற்குறியைத் தாண்டிவிட்டாள்."

அவர் காத்திருந்தார்.

"இந்த வகுப்பில் இருக்க வேண்டியவள்," என்றேன்.

அவர் பட்டியலின் அச்சுப்படியைக் கேமராவின் முன் உயர்த்திப் பிடித்து, எனக்குத் தெரியும்படி நான்காம் பெயரைப் பேனாவால் அடித்தார். தாளைக் கீழே வைக்கவில்லை. அடிக்கப்படாத மூன்று பெயர்களும் என் முன்னே இருந்தன. மூவருக்கும் அதே காரணத்தைத்தான் எழுதியிருந்தேன்.

"கடிதங்கள் பிற்பகல்தான் போகும், சார்," என்றார்.

மூன்று வீடுகளையும் அழைத்தேன். ஒருவன் உண்மையாகவே பாட நேரத்தில் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். மற்ற இருவருக்கும் வாய்திறக்க வீடு இடம் கொடுத்திருக்கவில்லை; அவர்கள் பெயர்களையும் நண்பகலுக்குள் அடித்தோம்.